மாமாவும் சிவப்பு மிதவையும்

என் வயதுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். முழங்கால் வலி, சீனி வருத்தம், மருமகளின் சமையல் எல்லாவற்றையும் கதைத்துக் களைத்த பிறகு, வீட்டுப் பிள்ளைகளில் ஒன்றைக் கூப்பிட்டுப் போனில் பாய்ப்படகுப் பந்தயம் ஒன்றைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இந்தக் காலத்துப் பந்தயப் படகு தண்ணீரில் ஓடுவதில்லை. அடியில் இரண்டு செட்டையை ஊன்றிக்கொண்டு மேலே எழும்பி, காரை விட வேகமாகப் பறக்கிறது. ஒரு நாட்டின் படகை இன்னொரு நாட்டின் படகு முந்தும்போது நான் கதிரையை விட்டு எழும்பி நின்றுவிடுவேன். "அம்மா, விழப்போறீங்கள், இருங்கோ!" என்று மகள் குசினியில் இருந்து கத்துவாள். எந்தப் பந்தயம் என்றைக்கு என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். மருந்து போட்ட நேரம்தான் மறந்துபோகும்.

நான் இந்த விளையாட்டில் நேற்றுச் சேர்ந்தவள் இல்லை. பதினொரு வயதில், திருகோணமலையில், இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தபோதே நான் ஒல்லாந்தரின் கட்சிக்காரி. மேற்கே இருந்து கச்சான் என்கிற சுடுகாற்று அடிக்கிற காலத்தில் என் மாமா நாலு நாட்டுப் படகுகளோடு போட்டிக்கு ஓடியதை மலையில் நின்று பார்த்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பது நானும் அந்த நாளைய அடுத்த வீட்டுத் தோழியும்தான். அவளுக்குக் கண் பார்வை குறைந்துவிட்டது, ஞாபகம் அதைவிடக் குறைவு. ஆகவே சாட்சி நான் ஒருத்தி. கொஞ்சம் பெருமையடிப்பேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு ஓர்ஸ் ஹில் சரிவில் இருந்தது. அப்பா துறைமுக அலுவலகத்தில் கிளாக்கர். வேலியைத் தாண்டிக் கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு பெரிய கற்பாறை. அதில் நின்றால் உள் துறைமுகம் முழுவதும் காலடியில் கிடக்கும். சாம்பல் நிறக் கப்பல்கள், கொடிகள், காய்கிற வெள்ளை உடுப்புகள். காற்று மாறினால் கப்பல் எண்ணெயின் மணம் குசினிக்குள்ளும் வரும். அம்மா சோற்றுப் பானையை மூடிவிட்டு மூக்கையும் மூடிக்கொள்வா.

ஜப்பான்காரன் குண்டு போட்ட வருஷம் ஊர் காலியானது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். எங்கள் ஒழுங்கையில் இருந்த அத்தனை பேரையும், ஆடு, அலுமாரி, தையல் மெஷினோடு மூதூருக்கு ஏற்றி இறக்கியது மாமாவின் பாய்வள்ளம். மாமா என்றால் அம்மாவின் தம்பி. மூதூரில் கலியாணம் செய்து, அங்கிருந்து ஆட்களையும் எருமைத்தயிர்ச் சட்டிகளையும் திருகோணமலைக்குக் கொண்டுவருவதுதான் அவருடைய தொழில். கிண்ணியாவைச் சேர்ந்த ஒரு முஸ்லிம் கூட்டாளி பாயைப் பார்த்துக்கொள்வார். அவரை நாங்கள், அண்ணன் முறையில், காக்கா என்று கூப்பிடுவோம். சுக்கான் எப்போதும் மாமாவின் கையில்.

பயம் தணிந்து நாங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகு கப்பல்கள் கூட்டம் கூட்டமாக வரத் தொடங்கின. ஒருநாள் கட்டளை வந்தது, பாய்வள்ளம் எதுவும் துறைமுகத்துக்குள் ஓடக்கூடாது என்று. துறைமுகத்துக்குப் பொறுப்பாக ஒரு வெள்ளைக்கார அதிகாரி இருந்தார்; எல்லோரும் அவரைப் பெரியதுரை என்பார்கள். காற்றில் ஓடுகிற வள்ளத்தை நினைத்த இடத்தில் திருப்ப ஏலாது, அது ஒருநாள் கப்பலில் போய் மோதும் என்பது அவருடைய எண்ணம். அன்றைக்கு மாமாவின் வள்ளம் எங்கள் பக்கத்துக் கரையில் நின்றது. வெளியே போகலாம், திரும்பி வரக்கூடாது என்றார்கள். சந்தை இங்கே, வீடு அங்கே. திரும்பி வர ஏலாத வள்ளத்தை வைத்து என்ன செய்வது? மாமா அதைக் கரையில் கவிழ்த்துப் போட்டு, எங்கள் வீட்டில் தங்கி, பெரியதுரைக்குப் பெட்டிசத்துக்கு மேல் பெட்டிசம் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாமியும் பிள்ளைகளும் அக்கரையில் வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதில் இன்னொரு சிக்கல். அந்தக் கட்டளையைத் தமிழில் எழுதி இறங்குதுறையில் ஒட்டியவர் அப்பா. மாமா அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்துவிட்டு, "அத்தான்ர எழுத்து முத்துப்போல கிடக்கு" என்று மட்டும் சொன்னாராம். அதன் பிறகு அவர் அப்பாவோடு கதைக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே பாயில் இருந்து சாப்பிட்டுக்கொண்டே, "அக்கா, அத்தானிட்டச் சொல்லு, உப்பை இஞ்சால தள்ளச்சொல்லி" என்பார். அப்பா உப்பை அம்மாவிடம் கொடுப்பார், அம்மா மாமாவிடம் கொடுப்பா. அம்மாவுக்கு அந்த மாதங்களில் சாப்பாடு ஆறித்தான் போயிருக்கும்.

வீட்டுக்குள் நிலைமை இப்படி இருக்க, எனக்கு வெளியே பெரிய வேலை இருந்தது. சனிக்கிழமை பின்னேரங்களில் கப்பல்காரர்கள் பக்கவாட்டில் தொங்குகிற மரப்படகுகளை இறக்கி, பாய் ஏற்றி, தண்ணீரில் நங்கூரமிட்ட மிதவைகளைச் சுற்றிப் பந்தயம் ஓடுவார்கள். இங்கிலாந்துக்காரருக்கு இரண்டு படகு, ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், அவுஸ்திரேலியருக்கு ஒவ்வொன்று. நான் ஒல்லாந்தர் பக்கம். அவர்களுடைய படகில் ஒரு மஞ்சள் தாடிக்காரன் தோற்கும்போதும் பாட்டுப் பாடுவான், அதற்காக. அடுத்த வீட்டுக்காரி பிரெஞ்சுக்காரர் பக்கம், ஏனென்றால் நான் ஒல்லாந்தர் பக்கம்.

என்னிடம் ஒற்றைக்கண் தூரக்கண்ணாடி ஒன்று இருந்தது. இரட்டைக் கண்ணாடி உடைந்து பாதியானதை யாரோ குப்பையில் போட, அப்பா கடதாசி பறக்காமல் வைக்கவென்று கொண்டுவந்தது. தோல் உரிந்து, கண் வைக்கிற இடத்தில் பித்தளை சுடும். அது இப்போது எங்கே என்று தெரியவில்லை. எத்தனை வீடு மாறினோம், எத்தனை தரம் ஓடினோம்! நகை போனதற்குக்கூட நான் அவ்வளவு கவலைப்படவில்லை. அந்தக் கண்ணாடியால் பார்த்து, எந்தப் படகு எத்தனையாவதாக வந்தது, எந்த மிதவையில் யார் முந்தினார்கள் என்பதையெல்லாம் அலுவலகக் கடதாசிகளின் பின்பக்கத்தில் நிரை நிரையாக எழுதி வைத்தேன். அப்பா அதைக் கண்டுவிட்டு, மகள் தானாகவே கணக்குப் பழகுகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். வருஷக் கடைசிச் சோதனையில் கணக்குக்கு நான் எடுத்த புள்ளியை இங்கே சொல்ல வேண்டாம்.

"பெரியபிள்ளை ஆகப்போற வயசு. மலையில ஏறி வெள்ளைக்காரரைப் பாத்துக்கொண்டு நிக்கிறாளாம்" என்று அம்மா அழுதா.

"வெள்ளைக்காரரை ஆர் பாக்கிறது? நான் பாயைத்தான் பாக்கிறனான்" என்றேன். உண்மையும் அதுதான். ஒருவரும் நம்பவில்லை.

ஒரு மத்தியானம் அப்பா சாப்பிட உட்கார்ந்து, மாமாவைப் பாராமல் அம்மாவிடம் சொன்னார்: "உம்மட தம்பியிட்டச் சொல்லும். 'உங்கட படகுகளும் பாயிலதானே ஓடுது' எண்டு எழுதின அவற்ற கடைசிப் பெட்டிசத்தைப் பெரியதுரை வாசிச்சுப்போட்டுச் சிரிச்சவர். வாற சனிக்கிழமை தங்கட படகுகளோட ஓடிக் காட்டட்டாம். ஒரு படகிலயோ மிதவையிலயோ பட்டால், இனிமேல் பாய் எண்ட கதையே எடுக்கக்கூடாதாம். படாமல் வந்தால் யோசிப்பாராம்." பிறகு தன் பங்குக்கு, "அவமானப்படாமல் கப்பல் பழுதுபாக்கிற யாட்டில கயிறு சுத்துற வேலையை எடுக்கச் சொல்லும், நான் கதைச்சு வைச்சிருக்கிறன்" என்றும் சேர்த்தார்.

"அக்கா, அத்தானிட்டச் சொல்லு, நான் ஓடுறன் எண்டு" என்றார் மாமா. சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழும்பிப் போய் வள்ளத்தை நிமிர்த்தினார்.

இந்த ஊரில் அந்தப் பந்தயத்தின் சட்டம் தெரிந்த தமிழ் ஆள் நான் ஒருத்திதான். குசினி நிலத்தில் கரிக்கட்டியால் துறைமுகத்தைக் கீறி, மூன்று செம்பை மிதவைகளாக வைத்து, ஒரு சிரட்டையை மாமாவிடம் கொடுத்தேன். "மாமா, வெடி கேட்ட பிறகுதான் தொடக்கக் கோட்டைத் தாண்டவேணும். முதலாவது வெள்ளை மிதவை, ரெண்டாவது சிவப்பு, மூண்டாவது கறுப்பு. மூண்டும் உங்கட இடக்கைப் பக்கம் இருக்கவேணும். வலக்கைப் பக்கம் விட்டுச் சுத்தினால் சரிவராது, திரும்பி வந்து சுத்தவேணும்."

மாமா சிரட்டையைத் தள்ளினார். முதலாவது செம்பை வலக்கைப் பக்கம் விட்டுச் சுற்றினார்.

"இடம், மாமா!"

"ஓம் ஓம், தெரியும் பிள்ளை." இரண்டாவது செம்பையும் வலம் சுற்றினார்.

நீங்கள் சிரிக்கலாம். மாமா வள்ளத்தில் ஏறிய நாளிலிருந்து சிவன் இருக்கிற கோணேசர் மலை கண்ணில் படும்போதெல்லாம் தேங்காய் உடைத்துக் கும்பிட்டவர். கோயிலோ, அரசமரமோ, புது வள்ளமோ, எதைச் சுற்றினாலும் அது வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். இடம் சுற்றுவது சுடலையில் பிணத்துக்கு. "பிள்ளை, இந்த வெள்ளைக்காரர் நல்ல காரியத்துக்கு ஏன் செத்தவீட்டுச் சுத்துச் சுத்துறாங்கள்?" என்று கேட்டார். காக்கா வாசற்படியில் இருந்து சிரித்தார். "எனக்கு வலமும் ஒண்டுதான், இடமும் ஒண்டுதான் மச்சான். காத்து எந்தப் பக்கமெண்டு மட்டும் சொல்லுங்க" என்றார். ஆறு நாள் பழகி, சிரட்டையில் பிழை விடாமல் சுற்றும் அளவுக்கு மாமாவைக் கொண்டுவந்துவிட்டேன். எனக்கு நல்ல பெருமை.

சனிக்கிழமை கச்சான் அடித்தது. அடுப்புக்கு முன்னால் நிற்பதுபோல முகம் காய்ந்தது. மலையில் எங்கள் பாறையைச் சுற்றி ஊரே நின்றது. போகாதே என்ற அம்மாவே குடையோடு வந்துவிட்டா. அப்பா கீழே பெரியதுரையின் மோட்டார்ப் படகில், மொழிபெயர்ப்பாளராக. ஐந்து வெள்ளைப் பாய்க்குப் பக்கத்தில் பட்டைச்சாயம் போட்ட மாமாவின் பழுப்புப் பாய், ஒட்டு மேல் ஒட்டோடு நின்றது. கப்பல்களில் இருந்து யாரோ விசில் அடித்தார்கள்.

வெடி கேட்டது. மாமா கடைசியாகத்தான் கோட்டைத் தாண்டினார். முன்னால் போனவர்களைப் பார்த்துக்கொண்டே போய், வெள்ளை மிதவையை ஒழுங்காக இடக்கைப் பக்கம் விட்டுத் திரும்பினார். அங்கிருந்து காற்று முதுகில். அந்தப் பழுப்புப் பாய் புடைத்துக்கொண்டு முன்னேறியதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். இங்கிலாந்துக்காரர் ஒன்று, இரண்டு, பிரெஞ்சுக்காரர், அவுஸ்திரேலியர் என்று தாண்டிக்கொண்டே போனார். கடைசியில் என் மஞ்சள் தாடிக்காரனையும் தாண்டினார். ஒல்லாந்தர் தோற்பதற்கு நான் குதித்தது அன்றைக்குத்தான். சிவப்பு மிதவைக்கு மாமா முதலாளாகப் போய்ச் சேர்ந்தார்.

அங்கேதான் வினை. முன்னால் பார்த்துப் பின்பற்ற ஒருவரும் இல்லை. கண்ணுக்கு முன்னால் சிவப்பாக, குங்குமம் பூசிய கல்லுப்போல ஒன்று நிற்கிறது. மனது சந்தோஷத்தில் நிறைந்திருக்கிறது. கை தன்பாட்டில் சுக்கானைத் தள்ளிவிட்டது. மாமா சிவப்பு மிதவையை வலம் வந்தார்.

மலையில் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் "ஐயோ!" என்று கத்தினேன். கண்ணாடிக்குள் காக்கா இரண்டு கையையும் வீசிக்கொண்டு எழும்பி நிற்பது தெரிந்தது. அவர் சொன்னதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டேன்: "மச்சான், மத்தப் பக்கம்! உங்கட கோயில் இல்ல இது!"

இனித் திரும்பிப் போய்ச் சரியாகச் சுற்ற வேண்டும். அதற்குள் மற்ற ஐந்து படகும் ஒன்றாக மிதவைக்கு வந்துவிட்டன. ஒன்றோடொன்று உரசுகிற நெருக்கம். பக்கத்தில் நங்கூரமிட்ட கப்பல் வேறு. ஒன்றில் பட்டாலும் எல்லாம் முடிந்தது. மாமா வள்ளத்தை நின்ற இடத்திலேயே திருப்பினார். ஒல்லாந்தருக்கும் அவுஸ்திரேலியருக்கும் நடுவில், ஒரு வள்ளம் போகிற அளவு இடைவெளிக்குள் நுழைந்தார். மஞ்சள் தாடிக்காரன் பாடுவதை நிறுத்திவிட்டு, பாயை உள்ளே இழுத்துக்கொண்டான். பழுப்புப் பாய் வெள்ளைப் பாய்களுக்குள் மறைந்தது. பிறகு அந்தப் பக்கத்தால் வெளியே வந்தது. ஒன்றிலும் படவில்லை. சிவப்பு மிதவையை இடக்கைப் பக்கம் விட்டுச் சரியாகச் சுற்றினார். ஆனால் இப்போது அவர் ஆறாவது ஆள், மற்றவர்கள் தூரத்தில்.

நான் கண்ணாடியை அடுத்த வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டுப் பாறையில் குந்தி அழுதேன். ஆறு நாள் படிப்பித்தது நான்தானே, பிழையும் என்னுடையது என்று நினைத்தேன். மூதூரில் மாமி, பிள்ளைகள், கவிழ்ந்து கிடக்கப்போகிற வள்ளம், எல்லாம் கண்ணுக்கு முன்னால் வந்தது.

"எழும்படி, உன்ர மாமா எங்கயோ போறார்" என்றாள் அவள்.

மாமா கறுப்பு மிதவையையும் சுற்றிவிட்டு, முடிவுக் கோட்டுக்குப் போகாமல், துறைமுக வாசல் பக்கம் திருப்பிப் போய்க்கொண்டிருந்தார். "வெக்கத்தில ஊருக்குப் போறார்போல கிடக்கு" என்று யாரோ சொல்ல, மலையில் சிரிப்பு. அப்போதுதான் என் முகத்தில் சூடு இல்லாததைக் கவனித்தேன். கச்சான் நின்றுவிட்டது. கீழே பார்த்தால் ஐந்து வெள்ளைப் பாயும் கொடியில் போட்ட சேலைபோலத் தொங்குகின்றன. படகுகள் அசையவில்லை. கோடு கண்ணுக்கு முன்னால், காற்றுத்தான் இல்லை.

கச்சான் செத்தால் கொண்டல் எழும்பும். கடலில் இருந்து வரும் காற்று வாசலால்தான் உள்ளே நுழையும். இது எங்கள் கரையில் தயிர்ச்சட்டி சுமக்கிறவனுக்கும் தெரியும். நாலு நாட்டுப் படகுக்காரருக்கு யார் சொல்வது? வாசல் பக்கம் தண்ணீரில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. அது நகர்ந்து மாமாவிடம் வந்து சேர்ந்ததும் பழுப்புப் பாய் ஒருமுறை உதறி நிமிர்ந்தது. மாமா காற்றைத் தன்னோடு கூட்டிக்கொண்டு வந்தார். நின்றவர்களைத் தாண்டும்போது அந்தக் காற்று அவர்களுடைய பாயைத் தொட இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. முடிவு வெடி கேட்டபோது நான் அம்மாவின் குடையை உடைத்துவிட்டேன். அம்மா ஏசவில்லை. அவவும் குதித்துக்கொண்டிருந்தா.

பின்னேரம் அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் மாமாவுக்கு நேரே போய் உட்கார்ந்தார். அம்மாவைத் தேடவில்லை.

"தம்பி, பெரியதுரை என்ன சொன்னவர் தெரியுமே? வெண்டது காத்தாலயாம், அதை அவர் பெரிசா எடுக்கேல்லையாம். சிவப்பு மிதவையடியில நீர் பிழை விட்டுத் திரும்பினதைத்தான் பாத்தவராம். அந்த நெருக்கத்துக்குள்ள ஒண்டிலயும் படாமல் திரும்பத் தெரிஞ்சவன் என்ர துறைமுகத்தில எங்கயும் ஓடலாம் எண்டு சொன்னவர். திங்கட்கிழமையில இருந்து பகலில பாய்வள்ளங்கள் வரலாம்." அப்பா சட்டைப்பைக்குள் இருந்து ஒரு கடதாசியைச் சுருட்டிய பந்தாக எடுத்து நிலத்தில் போட்டார். இறங்குதுறையில் ஒட்டியிருந்த கட்டளை. "நான் எழுதினதை நானே கிழிச்சுக்கொண்டு வந்தனான்" என்றார். எழுதிய நாளில் இருந்து அது அவரையும் உறுத்தியிருக்கிறது என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. அப்போது நான் அவரை வில்லன் என்றே நினைத்திருந்தேன்.

பந்தயத்தில் மாமாவைத் தோற்கடிக்கப் பார்த்த பிழைதான் எங்களைக் காப்பாற்றியது. மாமா ஒழுங்காகச் சுற்றி ஒழுங்காக வென்றிருந்தால் பெரியதுரை கைகுலுக்கி அனுப்பிவிட்டிருப்பார்.

திங்கட்கிழமை இறங்குதுறையில் புதிய அறிவித்தல். மாமா அதைக் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். "அத்தான், எழுத்து முந்தியதை விட வடிவாக் கிடக்கு" என்று அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

முதல் ஓட்டத்தில் நாங்கள் எல்லோரும் மூதூருக்குப் போனோம். அப்பா தொப்பியும் கறுப்புக் கோட்டுமாக நடுப்பலகையில் நிமிர்ந்து இருந்தார். கப்பல்களுக்கு இடையால் வள்ளம் போனபோது ஒல்லாந்தக் கப்பலின் விளிம்பில் மஞ்சள் தாடிக்காரன் நின்று கையை ஆட்டினான். சிவப்பு மிதவை கிட்ட வந்தது. மாமா சுக்கானைத் தள்ளினார். வள்ளம் நேர்வழியை விட்டு விலகி, மிதவையை வலக்கைப் பக்கம் விட்டு, மெதுவாகச் சுற்றியது. அம்மா கும்பிட்டா.

"இண்டைக்குச் சரியான பக்கம்தான் மச்சான்" என்றார் காக்கா.

நான் அப்பாவைப் பார்த்தேன். நேரம் தவறாத மனிதர், ஒவ்வொரு சட்டத்துக்கும் வரி எண் சொல்கிறவர். கப்பல்களில் இருந்து வெள்ளைக்காரர் எட்டிப் பார்க்கிறார்கள். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அப்பா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"தம்பி, ஒரு சுத்து என்ன கணக்கு? முறை மூண்டெல்லோ" என்றார். "இன்னும் ரெண்டு தரம் சுத்தும்."